புதுப்பிப்பு: சித்தப்பாவின் திராஸ் கதை, மிச்சமும்

1999 கார்கில் போரில், திராஸ் என்ற மலைப்பகுதியில் பீரங்கிப் படையில் இருந்த என் சித்தப்பா ராணுவ விதிமுறையை வளைத்ததாக முன்பு எழுதியிருந்தேன். காஷ்மீரில் இந்தியப் பகுதியையும் பாகிஸ்தான் வசமுள்ள பகுதியையும் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டினாரா என்று பலர் கேட்டிருந்தீர்கள். "போடா, விமானப்படைக்கே தாண்டாதேன்னு உத்தரவு. பீரங்கிக்காரன் நான் எங்கே போறது?" என்று சிரிக்கிறார்.

155 மி.மீ. போஃபர்ஸ் பீரங்கியை மலைக்குப் பின்னால் மறைத்துச் சுடுவதுதான் வழக்கம். திராஸில் முன்னால் இழுத்து வந்து, சிகரத்திலிருந்த எதிரியின் பங்கரை (பதுங்கு அரணை) நேராகப் பார்த்தே சுட்டார்கள். அது மேலிடம் சொல்லித்தான். எதிர்க்குண்டு விழுந்தால் பதுங்குகுழிக்கு ஓடு என்ற உத்தரவைத்தான் இவர்கள் காதிலேயே வாங்கவில்லையாம்.

மலையேறிய காலாட்படைப் பையன்கள் இன்னும் மோசம்: ரேஷனைக் கீழேயே விட்டுவிட்டு அந்த இடத்தில் தோட்டா. சட்டைப்பையில் கொஞ்சம் சக்கர்பாரா (மைதா மாவில் பொரித்த இனிப்புத் துண்டு). எனக்கு இதுதான் பெரிய மீறலாகப் படுகிறது, சித்தப்பா ஒப்புக்கொள்ளவில்லை. படைப்பிரிவின் பெயர் கேட்காதீர்கள், போடக் கூடாதாம்.