பதில்: "பர்மிஷன் எரர்" – ஒரே சொல் போதாது, மூன்று வேண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கணினித் திரையில் வரும் "பர்மிஷன் எரர்" என்ற பிழைச் செய்திக்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் குழுவில் பேச்சு நடக்கிறது. புதுச்சேரி நண்பர் "நுழைவனுமதி மறுப்பு" என்று வைத்துக்கொள்ளலாம் என்கிறார். சொல் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டீம்ஸ், ஷேர்பாயின்ட் போன்ற கூட்டுப்பணி மென்பொருள்களில் நம்மைத் திணறடிக்கும் பிழைகள் பல, ஆள் உள்ளே போன பிறகு வருபவை. நுழைவு நடந்துவிட்டது, கடவுச்சொல்லும் சரி. அதற்கு மேல்தான் சிக்கல். அதை "நுழைவு" என்று சொன்னால் பயனர் மறுபடியும் கடவுச்சொல்லைத்தான் சந்தேகப்படுவார்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு அலுவலகத்தின் கணக்காளர் அம்மாவுக்கு இதுதான் நடந்தது. டீம்ஸுக்குள் ஒரு புதிய செயலியைச் சேர்க்கப் போனார். "நிர்வாகியின் அனுமதி தேவை" என்று திரை வந்தது. தன் கணக்கில்தான் கோளாறு என்று நினைத்துக் கடவுச்சொல்லை மாற்றினார். அதனால் கைபேசியில் ஓடிக்கொண்டிருந்த மின்னஞ்சலும் மறுபடி உள்நுழையச் சொல்லி நின்றுபோனது. மாதக் கடைசி, வேலை குவிந்து கிடந்தது. உண்மையில் அந்தச் செயலி அவருடைய நாட்காட்டியைப் படிக்க உரிமை கேட்டிருந்தது. அப்படிக் கேட்டால் ஊழியர்கள் தாங்களே சம்மதிக்க முடியாதபடி நிறுவனம் பூட்டி வைத்திருந்தது. நிர்வாகி தன் பக்கத்தில் ஒருமுறை சம்மதம் கொடுத்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. அந்தத் திரையில் சரியான சொல் இருந்திருந்தால் அவர் கடவுச்சொல் பக்கமே போயிருக்க மாட்டார்.

"பர்மிஷன்" என்றே விடலாம் என்ற யோசனைக்கும் என் மறுப்பு உண்டு. நம் அலுவலகங்களில் பர்மிஷன் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப எழுதிக் கொடுப்பது. அந்தப் பொருள் அவ்வளவு ஊறிப்போயிருக்கிறது.

பிழைகளைப் பிரித்துப் பார்ப்போம். சிப்காட் தொழிற்சாலை வாசலில் காவலாளி அடையாள அட்டையைப் பார்த்து "நம்ம ஆள்தான்" என்று உள்ளே விடுகிறார். அது ஒன்று. உள்ளே போனவர் வெல்டிங் வைக்க வேண்டுமென்றால் தனியாக ஒர்க் பர்மிட் வாங்க வேண்டும். அது வேறு. வாசல் அட்டையை எத்தனை முறை காட்டினாலும் பர்மிட் கிடைக்காது.

வலையின் நெறிமுறையும் (எச்டிடிபி) தன் பிழை எண்களில் இப்படித்தான் பிரிக்கிறது. 401 என்றால் நீங்கள் யார் என்பதே நிறுவப்படவில்லை. 403 என்றால் கேட்டது புரிந்தது, ஆனால் தர முடியாது. நீங்கள் யார் என்று நன்றாகத் தெரிந்த பிறகும் இது வரலாம். இதில் ஒரு கோளாறு உண்டு: 401க்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே "அன்ஆத்தரைஸ்டு", அதாவது உரிமை தரப்படாதது. 2022இல் வந்த ஆர்எஃப்சி 9110 என்ற நெறிமுறை ஆவணம் பெயரை மாற்றவில்லை, பொருளை மட்டும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறது. நாம் பெயரைப் பார்த்துத் தமிழாக்கினால் அவர்கள் குழப்பத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வோம். பொருளைப் பார்த்துத்தான் சொல் ஆக்க வேண்டும்.

யார் என்று உறுதி செய்வதை ஆத்தென்டிகேஷன், எதைத் தொடலாம் என்பதை ஆத்தரைசேஷன் என்று ஒலிபெயர்ப்பதும் உதவாது. இரண்டும் ஒரே மாதிரி தொடங்குகின்றன, காதில் பிரிவதே இல்லை. எனக்குக் கடன் சொல் மீது பகை கிடையாது. புதுச்சேரியில் கொம்யூன் பஞ்சாயத்து என்று பிரெஞ்சுச் சொல்லை அப்படியே வைத்திருக்கிறீர்கள், யாருக்கும் குழப்பமில்லை. உள்நுழைந்ததும் கணினி நமக்குத் தரும் மின்னணுச் சீட்டான டோக்கனை "வில்லை" ஆக்க வேண்டும் என்று சென்ற வாரம் ஒருவர் எழுதினார். பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடை கொடுப்பதும் டோக்கன்தான், அப்படியே இருக்கட்டும்.

ஆத்தரைசேஷனுக்கு "அங்கீகாரம்" வேண்டாம். அங்கீகாரம் பெற்ற பள்ளி, அங்கீகரிக்கப்பட்ட மனை என்றெல்லாம் அது வேறு வேலையில் இருக்கிறது.

என் பரிந்துரை: யார் என்று உறுதி செய்வது ஆளறிதல். எதைத் தொடலாம் என்பது அணுகுரிமை. ஒரு செயலி நம் தரவைத் தொட நாமோ நிறுவனமோ ஒத்துக்கொள்வது இசைவு. நிர்வாகி தந்தால் நிர்வாக இசைவு.

இசைவு கடலூருக்குப் புதிதல்ல. 1974 நீர்ச் சட்டத்தின்படி ஆலைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் வாங்குவதை இசைவாணை என்றுதான் சொல்கிறோம். "ஒப்புதல்" விடுப்புக்கும் பில்லுக்கும் இருக்கட்டும்.

திரையில் வைத்துப் பார்த்தால்தான் சொல் நிற்குமா என்று தெரியும்:

401: "உங்களை ஆளறிய முடியவில்லை. மீண்டும் உள்நுழையுங்கள்."

403: "இந்தக் கோப்புக்கு உங்கள் கணக்குக்கு அணுகுரிமை இல்லை. கோப்பின் உரிமையாளரைக் கேளுங்கள்."

செயலி கேட்கும்போது: "இந்தச் செயலி உங்கள் நாட்காட்டியைப் படிக்க நிர்வாக இசைவு வேண்டும். கடவுச்சொல்லை மாற்றத் தேவையில்லை."

அந்தக் கடைசி வரியை யாரும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதேபோல 403 திரையில் எந்தக் கணக்கில் இருக்கிறோம் என்பதையும் காட்ட வேண்டும். ஒரே உலாவியில் வீட்டுக் கணக்கும் அலுவலகக் கணக்கும் திறந்திருந்தால், வீட்டுக் கணக்கு அலுவலகக் கோப்பைத் தட்டி 403 வாங்கும். மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) அலுவலகக் கணக்கை மட்டும் வைத்துத் திறந்து பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று. நிர்வாகி குழுவில் சேர்த்துவிட்டேன் என்கிறார், ஊழியருக்கு இன்னும் திறக்கவில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. கையிலிருக்கும் டோக்கனில் பழைய அணுகுரிமையே எழுதியிருக்கலாம். டீம்ஸ் போன்றவற்றின் உள்நுழைவைக் கவனிக்கும் மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் அணுகல் டோக்கனின் இயல்பான ஆயுள் 60 முதல் 90 நிமிடம். வெளியேறி மறுபடி உள்நுழைந்தால் புதியது கிடைக்கும். இதற்கும் உதவிப் பக்கத்தில் ஒரு வரி வேண்டும்: "அணுகுரிமை இப்போதுதான் தரப்பட்டதா? வெளியேறி மீண்டும் உள்நுழையுங்கள்."

நெல்லிக்குப்பம் தோழர் கேட்டதற்கு மட்டும் என்னிடம் முழு விடை இல்லை. இரவில் தானாக ஓடும் பேக்கப் நிரலும் உள்நுழைகிறது. அது ஆள் இல்லையே, ஆளறிதல் என்று எப்படிச் சொல்வது? மனிதர் பார்க்கும் திரைகளில் ஆளறிதலும், நிரலர் கையேட்டில் "அடையாளச் சரிபார்ப்பு" என்றும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். இரண்டுக்கும் பொருந்தும் ஒரு சொல் யாருக்காவது தோன்றினால், 401 வரியில் போட்டுப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
கடலூரிலிருந்து