புதுப்பிப்பு: ட்ராப் கன் ட்ரிகர் வெயிட் மேட்டர்

ட்ராப் கன்னுக்கு (பறக்குற களிமண் தட்ட சுடுற ரெட்டைக்குழல் ஷாட்கன்) ட்ரிகர் எவ்ளோ வெயிட் வைக்கலாம், அதாவது எவ்ளோ கிலோ இழுத்தா வெடிக்கணும்னு கேட்டிருந்தேன்ல, பாதி பேர் 1.3 கிலோவுக்கு இறக்கிடுன்னீங்க, மீதி பேர் தொடவே தொடாதன்னீங்க. டெல்லி துக்ளகாபாத் கர்ணி சிங் ஷூட்டிங் ரேஞ்சுல மதுரக்கார அண்ணன் ஒருத்தர்கிட்ட ட்ரிகர் வெயிட் பாக்குற ஸ்கேல் இருந்துச்சு, மாட்டி இழுத்தா முதல் பேரல் 1.9, ரெண்டாவது 2.1 கிலோ. கன்ஸ்மித்கிட்ட (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) குடுத்து 1.6, 1.8 ஆக்கியாச்சு. அதுக்கும் கீழ நான் போகல, டெல்லி ஜனவரி குளிர்ல விரல் மரத்து கிளவுஸும் போட்டிருந்தா ட்ரிகர் எங்க இருக்குன்னே தெரியாது, ரொம்ப லேசா இருந்தா முதல் ஷாட் உதையிலயே ரெண்டாவதும் வெடிச்சிரும், அதனாலதான் ரெண்டாவத கொஞ்சம் கனமா வைக்கிறது.

ரூல் கேட்டவங்களுக்கு: ஏர் பிஸ்டலுக்கு மினிமம் 500 கிராம், ஷாட்கன்னுக்கு ஐஎஸ்எஸ்எஃப்ல (சர்வதேச ஷூட்டிங் சம்மேளனம்) அப்படி எதுவும் கிடையாது, விரல எடுத்தா வெடிக்கிற ரிலீஸ் ட்ரிகர் மட்டும் கூடாது.

ஆனா வெயிட்ட விட பெரிய வித்தியாசம் க்ரீப் போனதுதான் (வெடிக்கிறதுக்கு முன்னாடி ட்ரிகர் இழுபடுமே, அது). ரைஃபிள் மாதிரி மெதுவா அழுத்த நமக்கு ஏது டைம், தட்டு பறக்கும்போதே ஒரே அடி, அதுல இழுவை இருந்தா ஷாட் பின்னாடிதான் போகும். யூட்யூப் பாத்து வீட்லயே சியர் (ட்ரிகர இழுக்குற வரைக்கும் சுத்தியல பிடிச்சு வைக்கிற பார்ட்) தேய்க்கிறேன்னு சொன்ன தம்பி, தயவுசெஞ்சு வேணாம்டா.