அம்மாட்ட எடுத்த பேட்டியைத் திருப்பிக் கேக்கலாமா?

நிலாவெளிக்காரி:
போன கிழமை எங்கட வீட்டுக்கு ரெண்டு பிள்ளையள் வந்தவை. சுனாமியில உறவுகளை இழந்த ஆக்களைப் பற்றின ஆய்வாம். நான் ரவுனில வேலையில, அம்மா தனிய. ஆங்கிலத்தில ரெண்டு பக்கத் தாள். "ஒரு ஒப்பம் வையுங்கோ அம்மா" எண்டினமாம், வைச்சிட்டா. தம்பியைப் பற்றிக் கேட்டதும் எழும்பிக் கிணத்தடியில முகம் கழுவிக்கொண்டு வந்திருக்கிறா. அதுக்குப் பிறகும் "இன்னும் ஆறு கேள்விதான்" எண்டு இருத்திவைச்சுக் கேட்டிருக்கினம். எல்லாம் ஃபோனில பதிவு. போகேக்க ஒரு பால்மா பக்கற். அண்டையில இருந்து நித்திரை இல்லை. விடியப்புறம் ரெண்டு மணிக்கு முத்தம் கூட்டுற சத்தம் கேக்குது. அந்தப் பதிவை அழிக்கச் சொல்லலாமா? ஒப்பம் வைச்சாச்சே எண்டுவினமோ?

கொட்டியாரத்தான்:
விளங்காத மொழியில வாங்கின ஒப்பம் சம்மதமே இல்லை. விளங்கி, தானா விரும்பிச் சம்மதிக்க வேணும் எண்டது, நாசி வைத்தியர்மாரின்ர வழக்குக்குப் பிறகு மனிசரில செய்யிற ஆய்வுக்கெண்டு வந்த 1947 நியூரம்பேர்க் நெறியின்ர முதல் வரி. இடையில விலகலாம் எண்டும் அதில இருக்கு. உலக மருத்துவச் சங்கத்தின்ர 1964 ஹெல்சிங்கிப் பிரகடனமும் மருத்துவ ஆய்வுக்கு இதைத்தான் சொல்லுது. தாளில ஒரு பிரதி அம்மாட்ட இருக்க வேணும். ஆய்வு சரியா நடக்குதோ எண்டு பாக்கிற ஒழுக்கநெறிக் குழுவின்ர ஃபோன் இலக்கம் அதில இருந்தால் நேர அங்க அடியுங்கோ. கெதியாச் செய்யுங்கோ. பேர்களை எடுத்து எல்லாற்ற பதிலையும் கலந்தபிறகு எது அம்மாவின்ர எண்டு அவைக்கே தெரியாது.

பழைய படிவக்காரன்:
2005இல மூதூர்ப் பக்க முகாம்களில நானும் படிவம் நிரப்பினவன். நாள் சம்பளமில்லை, படிவத்துக்கு இவ்வளவு எண்டு காசு. அழுற ஆளை விட்டிட்டு வந்தால் காசு போச்சு. ஒரு ஆச்சி கேட்டா, "தம்பி, முந்தி வந்த ஆக்கள் எழுதினதைப் பாத்து எழுதன்?" பயிற்சியில அமெரிக்காவில நடந்த டஸ்கிகீ ஆய்வின்ர கதை சொன்னவை: 1932 தொடக்கம் 1972 மட்டும், மேகநோய் வந்த கறுப்பின ஆம்பிளையளை, பெனிசிலின் வந்தபிறகும் குடுக்காமல் பாத்துக்கொண்டிருந்த கதை. உச்சுக்கொட்டிப்போட்டு அடுத்த நாள் படிவத்தோட போனம்.
ஒண்டு கேக்கிறன், குறை நினைக்காதேங்கோ. அழிக்கச் சொல்லுறது நீங்களோ, அம்மாவோ?

நிலாவெளிக்காரி:
தாள் கிடைச்சுது, சீனிப் போத்தலுக்குக் கீழ மடிச்சு வைச்சிருந்தவா. பின்பக்கத்தில இலக்கம் இருந்தது, கதைச்சன். அம்மா தன்ர வாயால சொன்னால் நீக்கலாமாம். அண்ணா, நீங்கள் சொன்னமாதிரி அம்மாட்டயே கேட்டன். கடைசி ஆறு கேள்வியும் வேண்டாமாம். முன்பாதி இருக்கட்டாம். அதில தம்பியின்ர முழுப் பேரையும் சொல்லியிருக்கிறாவாம்.
பேரை எடுத்துப்போடுவினம் எண்டதை இன்னும் நான் அவவுக்குச் சொல்லேல்லை.