புதுப்பிப்பு: கிளினிக் போனில் நெஞ்சுவலி அழைப்புகள்

மதுரையில் நாங்கள் நடத்தும் இதய கிளினிக்கில் அப்பாயின்ட்மென்ட் கேட்பவர், மாத்திரை சந்தேகம் உள்ளவர், நெஞ்சுவலிக்காரர் எல்லாரும் ஒரே நம்பரில் காத்துக் கிடக்கிறார்கள், என்ன செய்வது என்று போன மாதம் கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி நம்பரை இரண்டாகப் பிரித்தோம். அப்பாயின்ட்மென்ட் ரிசப்ஷனுக்கு, மற்றது முழுக்க ஒரு சீனியர் சிஸ்டருக்கு, அந்த ஷிப்டில் அவருக்கு ஊசி, இ.சி.ஜி. எதுவும் கிடையாது.

'வாயு' என்ற சொல்தான் எங்களுக்குப் பெரிய பாடம். உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு அம்மா, "அவருக்கு வாயுப் பிடிப்புதான் சிஸ்டர், நாளைக்குக் கூட்டிட்டு வரட்டுமா" என்றார். வேர்க்கிறதா, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவுகிறதா, மூச்சு வாங்குகிறதா என்று சிஸ்டர் கேட்கக் கேட்க, எல்லாவற்றுக்கும் ஆமாம். பைக்கில் ஏற்றாதீர்கள் என்று சொல்லி, இன்னொரு போனில் 108-ஐக் கூப்பிட வைத்து, வண்டி வரும்வரை லைனிலேயே இருந்தார். அடைப்புதான். நல்லவேளை, ஆள் இப்போது நன்றாக இருக்கிறார்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வெறும் மூச்சுத்திணறல், அசதியாகவும் வரலாம், அதனால் அந்தக் கேள்வியையும், சிஸ்டர் போனில் கேட்க வேண்டியதை எழுதி வைத்த தாளில் முதலிலேயே சேர்த்துவிட்டோம்.

இன்னும் சரியாகாதது, போனில் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் ஏற்றுவது. இப்போதைக்கு சாயங்கால ஓ.பி.க்கு முன் நானே நோட்டைப் பார்த்து ஏற்றுகிறேன்.