வெள்ளி மறையும் 90 நாள்: மாயர் கணக்கில் உதவி தேவை

பள்ளி வானியல் கண்காட்சிக்காக, நடு அமெரிக்காவின் பழங்குடி மக்களான மாயர்கள் வெள்ளிக் கோளைப் பார்த்த விதம் பற்றி ஒரு விளக்கப் பலகை தயாரிக்கிறேன். ஓரிடத்தில் நகர முடியாமல் நிற்கிறேன்.

மாயர்களின் பழைய நூலான டிரெஸ்டன் சுவடியின் வெள்ளி அட்டவணை 584 நாள் சுற்றை நான்காகப் பிரிக்கிறது: விடிவெள்ளியாக 236 நாள், மறைவு (சூரிய ஒளியில் தெரியாமல் போவது) 90, மாலை வெள்ளியாக 250, மறுபடி மறைவு 8. இந்த எட்டு நாள் வானத்தோடு அருமையாகப் பொருந்துகிறது. மெக்சிகோவின் ஆஸ்டெக் மக்களின் புராணத்திலும் தீக்குளித்த கெட்சால்கோவாட்டில் என்ற கடவுள் நான்கு நாள் பாதாளத்தில் கிடந்து, நான்கு நாள் அம்பு சேர்த்து, பிறகே விடிவெள்ளியாக எழுகிறான். படித்தபோது சிலிர்த்துவிட்டது.

சிக்கல் அந்த 90தான். ஸ்டெல்லேரியம் மென்பொருளில் மாயர் வாழ்ந்த யுகட்டான் பகுதியின் வானத்தை, வடக்கு அட்சரேகை 20 பாகையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன். சூரியனுக்குப் பின்னால் போகும்போது வெள்ளி சுமார் 50 நாள்தான் மறைகிறது. காலையிலும் மாலையிலும் தெரியும் காலங்கள் ஏறக்குறைய சமம், 263 நாள் வீதம். கவனக்குறைவு என்று தள்ளவும் மனம் வரவில்லை. முழுச் சுற்றின் உண்மைச் சராசரி 583.92 நாள், அவர்கள் எழுதியது 584! நிலவு மாதத்தோடும் ஒப்பிட்டேன்: எட்டு மாதம் 236 நாள், சரி. மூன்று மாதமோ 88.6தான்.

பலகை அடுத்த மாதம் அச்சுக்குப் போக வேண்டும். மாயர் நாட்காட்டி படித்தவர்களே, இந்த 90 நாள் எந்தக் கணக்கிலிருந்து வருகிறது?