ரேஜிங் புல்: இதை இன்னுமா கொண்டாடுகிறோம்?

மஞ்சக்குப்பத்தான்:
போன சனிக்கிழமை லாஸ்பேட்டையில் நண்பர் வீட்டு மொட்டை மாடியில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி 'ரேஜிங் புல்' ஓட்டினோம். 1980இல் மார்ட்டின் ஸ்கோர்செசி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஜேக் லமோட்டா என்ற நியூயார்க் பாக்ஸரின் வாழ்க்கை, நடித்தவர் ராபர்ட் டி நீரோ. பதினோரு பேர் உட்கார்ந்தோம், முடியும்போது ஐந்து பேர்தான் மிச்சம். கடலூரிலிருந்து என்னோடு வந்தவன், "சண்டைப் படம்னு கூட்டிட்டு வந்து புருஷன் பொண்டாட்டி சண்டையைக் காட்டுறியே" என்று திட்டிவிட்டுப் பஸ் பிடிக்கப் போய்விட்டான்.

அவன் கேட்டதில் என்ன தப்பு? இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிற படத்தில் ரிங்குக்குள் நடப்பது கொஞ்ச நேரம்தான். அந்த ஆளிடம் சொல்லிக்கொள்ள ஒரு நல்ல குணம் கிடையாது. பெண்டாட்டியை அடிக்கிறான், தம்பியை அடிக்கிறான், பட்டத்துக்கு மோத வாய்ப்புக் கிடைக்கும் என்று வேண்டுமென்றே ஒரு பந்தயத்தில் தோற்றுக் கொடுக்கிறான். இதை ஏன் நாற்பது வருஷமாகத் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறார்கள்? டி நீரோ 27 கிலோ எடை ஏற்றினார் என்பதற்காகவா? எடை ஏற்றுவதும் அதைப் பற்றிப் பத்துப் பேட்டி கொடுப்பதும் நம் ஊரிலும் நடக்கிறது.

சொல்தா பேரன்:
அண்ணே, நியாயமாகப் பார்த்தால் இந்தப் படத்தை நான்தான் வெறுக்க வேண்டும். என் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா, அல்ஜீரியா வரை போனவர். அங்கே பிறந்த பாக்ஸர் மார்செல் செர்தான் பெயரைச் சாமி பெயர் மாதிரிச் சொல்வார். 1949 ஜூனில் டெட்ராய்ட்டில் லமோட்டா பட்டத்தைப் பறித்தது அந்தச் செர்தானிடம்தான். முதல் ரவுண்டிலேயே செர்தானுக்குத் தோள்பட்டை போய்விட்டது. ஒற்றைக் கையோடு ஒன்பது ரவுண்டு தாங்கினார், பத்தாவதுக்கு எழுந்து வரவில்லை. மறுபடி மோதுவதற்காக அக்டோபரில் அமெரிக்காவுக்குப் பறந்தபோது விமானம் அசோர்ஸ் தீவில் மோதி இறந்துபோனார். பாடகி எதித் பியாஃப் அப்போது அவருக்காக நியூயார்க்கில் காத்திருந்தார். தாத்தா கணக்கில் லமோட்டா அதிர்ஷ்டக்காரன், அவ்வளவுதான்.

படத்தில் செர்தான் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. தாத்தா இருந்திருந்தால் செருப்பைத் தூக்கி எறிந்திருப்பார். ஆனாலும் எனக்குப் படம் பிடிக்கும். வேறு யார் எடுத்திருந்தாலும் பெல்ட்டைத் தூக்கிக் காட்டுகிற இடத்தில் படத்தை முடித்திருப்பார்கள். இங்கே உலக சாம்பியன் வீட்டில் டிவியை நோண்டிக்கொண்டே, "நீ என் பெண்டாட்டியோடு போனாயா" என்று சொந்தத் தம்பியைக் கேட்கிறான். பட்டம் வாங்கிய பிறகும் அதே ஆள்தான். இவ்வளவு தைரியமாக ஒரு விளையாட்டுப் படம் எடுத்து நான் பார்த்ததில்லை.

கோரிமேடு வாத்தியார்:
பசங்களுக்கு பாக்ஸிங் சொல்லித் தருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதில் வருவது பாக்ஸிங்கே இல்லை. எவனும் கையை உயர்த்தி முகத்தை மறைக்க மாட்டேன் என்கிறான். நிஜ லமோட்டா குனிந்தபடி உள்ளே நுழைகிறவர், குத்து வரும்போது தலையை அதோடு திருப்பிப் பாதி வேகத்தைக் குறைத்துவிடுவார். படத்தில் கல்தூண் மாதிரி நின்று வாங்குகிறார். சுகர் ரே ராபின்சனோடு ஆறு முறை மோதியதில் ஜெயித்தது ஒன்றே ஒன்று, 1943 பிப்ரவரியில். மூன்றே வாரத்தில் ராபின்சன் திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்புறம், "என்னை நீ கீழே தள்ளவில்லையே" என்று ராபின்சனிடம் போய்ச் சொல்வாரே, அது சரிதான். ஆனால் 1952 கடைசி நாளில் டேனி நார்டிகோ என்பவர் தள்ளிவிட்டார். படம் அதைக் காட்டவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1951 சண்டையில் ராபின்சன் கையை ஓங்கியதும் சத்தமெல்லாம் அடங்கிவிடும், கவனித்தீர்களா? நல்ல அடி விழுவதற்கு முந்தைய நொடி அப்படித்தான் இருக்கும், வாங்கியவனுக்குத் தெரியும். குத்துச் சத்தத்தோடு மிருகங்களின் சத்தத்தையும் கலந்திருக்கிறார்கள். ரிங்கின் அளவைக்கூடச் சண்டைக்குச் சண்டை மாற்றிக் கட்டினார்களாம். காலும் கையும் பொய், காது மட்டும் நிஜம்.

கொம்பாக்கத்துக்காரி:
சரி, ரிங்கைப் பற்றிப் பேசியாயிற்றா? பின்னால் பெண்டாட்டியாகப்போகிற விக்கியை லமோட்டா முதலில் பார்க்கும்போது அவளுக்குப் பதினைந்து வயது. அதற்கப்புறம் அவள் என்ன நினைக்கிறாள் என்று படம் ஒரு தடவையாவது கேட்கிறதா? அவள் யாருக்காவது கன்னத்தில் முத்தம் கொடுத்தால்கூட அவன் பார்வையில்தான், ஸ்லோமோஷனில், சந்தேகத்தோடு வருகிறது. அடிக்கிறவன் மனசுக்கு இவ்வளவு நுணுக்கம், அடி வாங்குகிறவளுக்கு ஒன்றுமில்லை.

சொல்தா பேரன்:
அக்கா, சந்தேகக்காரன் தலைக்குள்ளிருந்து எடுத்த படம் அது. அவனுக்கு அவள் தெரிய மாட்டாள் என்பதுதானே விஷயம்?

கொம்பாக்கத்துக்காரி:
தெரியும் தம்பி. அதற்காகப் பாராட்ட வேண்டுமா என்றுதான் கேட்கிறேன். ஒரு இடத்தில் மட்டும் என்னை அசைத்துவிட்டார்கள். படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, கலரில் வருவது அவர்கள் கல்யாணமும் வீட்டில் எடுத்த குட்டிப் படங்களும்தான். எங்கள் தெருவில் வாராவாரம் அடி வாங்குகிற அக்கா ஒருத்தி இருந்தாள். அவள் கல்யாண கேசட்டை நாங்கள் எத்தனையோ தடவை போட்டுப் பார்த்திருக்கிறோம். அதில் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருப்பார்கள்.

கடைசியில் வரும் பைபிள் வசனத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. குருடனாக இருந்தேன், இப்போது காண்கிறேன் என்று போடுகிறார்களே, யார் எதைக் கண்டது? அடித்துவிட்டு ஜெயிலுக்கும் போய்வந்து, கண்ணாடி முன்னால் நின்று வசனம் பேசினால் பாவம் போய்விடுமா?

சொல்தா பேரன்:
அது யோவான் ஒன்பதாம் அதிகாரம். அதோடு வருகிற பெயரைப் பாருங்கள், ஸ்கோர்செசியின் சினிமா ஆசிரியர் ஹெய்க் மனூஜியன். படமே அவருக்குச் சமர்ப்பணம். கண் திறந்தது இயக்குநருக்கு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

கொம்பாக்கத்துக்காரி:
நல்ல சப்பைக்கட்டு. பார்க்கிறவனுக்கு லமோட்டா போனதும் அந்த வசனம்தான் தெரியும். வாத்தியார் பெயரை எவன் படிக்கப் போகிறான்?

கோரிமேடு வாத்தியார்:
என் பெயரையே எவனும் படிப்பதில்லை அம்மா.
லமோட்டா 2017 வரை இருந்தார், 95 வயது. படத்தைப் பார்த்துவிட்டு "நான் இவ்வளவு மோசமாகவா இருந்தேன்" என்று விக்கியிடம் கேட்டாராம். "இதைவிட மோசம்" என்றாராம் அந்த அம்மா. விக்கி என்ன நினைத்தார் என்று கேட்டீர்களே, இதையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மஞ்சக்குப்பத்தான்:
நான் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை, ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஜெயில் காட்சி போக மாட்டேன் என்கிறது. சுவரில் முட்டி முட்டி "ஏன், ஏன்" என்று கத்துவானே, அது. நேற்று கெடிலம் பாலத்தில் பஸ் அரை மணி நேரம் நின்றது, எனக்கு அதே ஞாபகம். ரிங்கில் அவ்வளவு பேரை அடித்தவனுக்கு அங்கே அடிக்கச் சுவர்தான் இருக்கிறது. இருந்தாலும் பிடித்த படம் என்று சொல்ல மாட்டேன்.

கொம்பாக்கத்துக்காரி:
நானும் சொல்ல மாட்டேன். இன்னொரு தடவை ஓட்டினால் கூப்பிடுங்கள், வருகிறேன். அந்த டிவி காட்சியில் நிறுத்திவிட்டுப் பேச வேண்டும்.

மஞ்சக்குப்பத்தான்:
வாருங்கள் அக்கா. வேட்டியை நண்பர் வாங்கிக்கொண்டுவிட்டார், துணி மட்டும் யாராவது கொண்டு வாருங்கள்.