ஹாலிபட் மீன் பிடிக்க எந்த ராட் (தூண்டில் தடி), எந்த ரீல் (நூல் சுத்துற உருளை) நல்லம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ

வணக்கம் எல்லாருக்கும். இந்தக் கோடைக்கு வட நோர்வேயில ஹமர்ஃபெஸ்ட்டுக்குக் கிட்ட சோரோயா தீவுப் பக்கம் போட்டில போய் ஹாலிபட் (பெரிய தட்டை மீன்) பிடிக்கிற பிளான். என்னட்ட இருக்கிறது கொட் மீன் பிடிக்கிற சின்ன செட், அது இதுக்குச் சரிவராது, பெரிய ஹாலிபட் போட்டுக்குக் கிட்ட வந்திட்டுத் திரும்ப அடிக்கு இழுத்துக்கொண்டு ஓடுமாம், அந்த நேரம் ரீல்ட டிராக் (நூல் ஓடுறதைப் பிடிக்கிற பிரேக்) இறுகினா லைன் அறும் இல்லாட்டி தடி முறியும்.

200 கிராமுக்கு மேல வாற பெரிய ரப்பர் மீனை எறிஞ்சு பிடிக்க 2.40 மீற்றர் ஸ்பின்னிங் ராட், 8000 இல்லாட்டி 10000 சைஸ் ரீல் எடுக்கவோ, இல்லாட்டி கட்டையான 30 பவுண்ட் போட் ராட்டும் மல்டிபிளையரும் (ராட்டுக்கு மேல பூட்டுற உருளை ரீல்) எடுக்கவோ? ஆழத்தில பாரமான ஈயத்தோட இரை போட்டா மல்டிபிளையர் தான் கைக்குச் சுகம் எண்டு நினைக்கிறன், ஆனா எறியிறதுக்கு எனக்கு ஸ்பின்னிங் தான் பழக்கம்.

ரீல் எந்த மேக், பென் ஸ்லாமரா ஷிமானோவா எண்டு யோசிக்கிறன், உப்புத்தண்ணி உள்ள போகாம சீல் பண்ணின ரீலா இருக்கோணும், ராட் கொஞ்சம் மலிவா இருந்தாலும் பரவாயில்லை, ரீல்ல மிச்சம் பிடிக்க மாட்டன். மல்டிபிளையர் எண்டா லெவர் டிராக்கோ (நெம்பால இறுக்கிறது) ஸ்டார் டிராக்கோ (நட்சத்திரச் சில்லால இறுக்கிறது) நல்லம்? பிரெய்ட் (பின்னின நூல்) 50 பவுண்ட் காணுமோ, 80 வேணுமோ? லீடர் (இரைக்கு முன்னால கட்டுற தடிச்ச நூல்) எத்தினை மில்லிமீற்றர் போடுறனீங்கள்?

2 மீற்றருக்கு மேலயும் 84 சென்ரிமீற்றருக்குக் கீழயும் இருந்தா விடத்தானே வேணும், அதால மீனைக் கனநேரம் களைக்க வைக்காத செட் தான் விருப்பம். வடக்கில இருக்கிற அண்ணாமார், நீங்கள் பாவிக்கிறதை ஒருக்காச் சொல்லுங்கோ, 5000 குரோனருக்குள்ள ஆரும் பழசு விக்கிறதெண்டாலும் இன்பாக்ஸுக்கு வாங்கோ.